‘கார்மென்’: மால்டாப் படம் பார்த்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

“நல்ல படம் ஒண்ணு சொல்லுங்க” என்று யார் கேட்டாலும் சில காலமாக நான் சொல்வது 2021இல் வந்த ‘கார்மென்’. பார்த்துவிட்டு மறுநாள் கூப்பிடுவார்கள். சந்தேகங்கள் ஒவ்வொரு முறையும் அதேதான். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவன் என்பதால் கோயில் சம்பந்தப்பட்டதை எல்லாம் என்னிடமே கேட்டார்கள். போனில் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த பதில்களை இங்கே ஒழுங்கு பண்ணி எழுதியிருக்கிறேன். பங்குச்சாமியார் (ஊர்த் தேவாலயத்துக்குப் பொறுப்பான குரு), பாவசங்கீர்த்தனம் (செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது), சாமியார் பங்களா (குரு தங்கும் வீடு) என்று எங்கள் வீட்டில் புழங்கிய சொற்களையே வைத்துக்கொள்கிறேன். முடிவை எங்கும் சொல்லவில்லை, பார்க்காதவர்களும் படிக்கலாம்.

இது எந்த நாட்டுப் படம்? சிலர் கனடாங்கிறாங்க, சிலர் மால்டாங்கிறாங்க.

இரண்டும்தான். இரு நாடுகளும் சேர்ந்து தயாரித்த படம். எழுதி இயக்கிய வலேரி புஹாஜியார் மால்டாவில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு கனடா போனவர். 1989இல் வந்த ‘ரோட்கில்’ போன்ற கனடியப் படங்களில் நடிகையாக அறிமுகமானவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மால்டாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். அப்படிப் போன வீட்டுப் பெண் திரும்பிப் பார்க்கும் பார்வை இந்தப் படம் முழுக்க இருக்கிறது.

கார்மெனாக நடித்திருப்பவர் நட்டாஷா மெக்கெல்ஹோன். ‘தி ட்ரூமன் ஷோ’ பார்த்தவர்களுக்கு முகம் ஞாபகம் இருக்கும். படம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகிறது, நடுநடுவே மால்டீஸ் வருகிறது.

கதை என்ன? ரெண்டு வரியில சொல்லுங்க.

1980களில் மால்டாவில் ஒரு கிராமம். பங்குச்சாமியாரான அண்ணனுக்குச் சமைத்து, துவைத்து, கோயிலைக் கூட்டிப் பெருக்கியே ஐம்பதை நெருங்கிவிட்ட கார்மென். அண்ணன் செத்துப்போகிறார். திருச்சபை அவளைக் கைகழுவுகிறது. போக இடமில்லாதவள் கோயிலுக்குள் வந்து போய்க்கொண்டிருக்க, பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் இருக்கும் அவளை ஊரார் புதுச் சாமியார் என்று நினைத்துப் பாவசங்கீர்த்தனம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். அவளும் பதில் சொல்ல ஆரம்பிக்கிறாள். ஊரும் மாறுகிறது, அவளும் மாறுகிறாள்.

நகைச்சுவைப் படமா, அழுகைப் படமா? அம்மா கூட உட்கார்ந்து பார்க்கலாமா?

சிரிக்கலாம், ஆனால் வயிறு குலுங்கச் சிரிக்கும் படம் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூண்டுக்கு வெளியே மண்டியிட்டிருப்பவர் ஒன்றை நினைக்க, உள்ளே இருப்பவர் வேறாக இருப்பதில்தான் சிரிப்பு பிறக்கிறது. துக்கமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அம்மாவோடு தாராளமாகப் பார்க்கலாம். அம்மாவோடுதான் பார்க்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன்.

மால்டாவுல சாமியாரோட தங்கச்சி கல்யாணமே பண்ணக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?

இதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. சட்டம் கிடையாது. திருச்சபைச் சட்டத்திலும் கிடையாது, அரசுச் சட்டத்திலும் கிடையாது. கத்தோலிக்கத்தின் பெரும்பிரிவான லத்தீன் ரீதியின் குருக்களுக்குத் திருமணம் இல்லை என்ற விதி அவர்களைத்தான் கட்டும், அவர்களுடைய சகோதரிகளைக் கட்டாது.

ஆனால் வழக்கம் இருந்தது. மனைவி இல்லாத பங்குச்சாமியாருக்கு வீட்டை யார் பார்ப்பது? வெளிப் பெண்ணை வைத்தால் ஊர் பேசும். அதனால் தாயோ கல்யாணமாகாத சகோதரியோ கூடப் போய் இருப்பது மால்டா, சிசிலி, தென் இத்தாலி எங்கும் சாதாரணமாக நடந்தது. வீட்டில் ஒரு பிள்ளை சாமியாரானால் அது குடும்பத்துக்கே கௌரவம். அந்தக் கௌரவத்துக்கான செலவைத் தங்கை தன் வாழ்க்கையிலிருந்து கட்டினாள்.

படத்தில் இது எழுதாத விதி போலக் காட்டப்படுகிறது. தன் குடும்பத்துப் பெண் ஒருவரின் வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். என் மனதைக் குடைவது ஒன்றுதான்: பையனிடம் குருமடத்தில் சேரும்போது உனக்குக் கடவுளின் அழைத்தல் இருக்கிறதா என்று பலமுறை கேட்பார்கள், வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்துச் சோதிப்பார்கள். தங்கையிடம் யாரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சரி, அண்ணன் செத்த உடனே ஏன் வெளிய போகச் சொல்றாங்க? இத்தனை வருஷ உழைப்புக்கு ஒண்ணுமே கிடையாதா?

சாமியார் பங்களா பங்கின், அதாவது அந்த ஊர்ச் சபையின் சொத்து. சாமியார் இருக்கும் வரை அவருடைய வீட்டாரும் இருக்கலாம். அடுத்த சாமியார் வரும்போது வீட்டைக் காலி பண்ணியாக வேண்டும். இதில் யாரும் கொடுமைக்காரர் ஆக வேண்டிய அவசியமே இல்லை, சாவி கைமாறினால் போதும்.

உழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 1983 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 231ஆம் விதி இருக்கிறது. திருச்சபையின் பணிக்கென்று தங்களை ஒப்புக்கொடுத்த பொதுநிலையினருக்கு, அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களுக்குத் தகுந்த ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் மருத்துவ வசதியும் பெறும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. கதை நடக்கிற அதே பத்தாண்டில் வந்த சட்டம். ஆனால் கார்மென் மாதிரிப் பெண்ணைப் பணியாளர் கணக்கில் யார் சேர்த்தார்கள்? அவள் “சாமியாரோட தங்கச்சி”. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவள், எந்த உரிமையை எங்கே போய்க் கேட்பாள்?

கூண்டுக்குள்ள இருக்கிறது பொம்பளைன்னு குரலை வச்சுக்கூடவா ஒருத்தருக்கும் தெரியல?

பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டியை அருகில் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. நடுவில் சாமியாருக்கு ஒரு பெட்டி, முன்னால் திரை. இரண்டு பக்கமும் மண்டியிடப் பலகை, முகம் படுகிற உயரத்தில் துளைபோட்ட தகடோ மரச் சல்லடையோ. பலகையில் முழங்கால் பட்ட இடம் பள்ளம் விழுந்து வழுவழுவென்று இருக்கும். உள்ளே இருட்டு. பேசுவது கிசுகிசுப்பாக. நாம் முகத்தைக் குனிந்திருப்போம், அவர் காதை மட்டும் சாய்த்திருப்பார்.

ஆளை ஆள் பார்க்கக்கூடாது என்பதற்காகவே உருவான சாமான் அது. 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமேயு, குருவுக்கும் மக்களுக்கும் நடுவே தடுப்பும் சல்லடையும் வைக்கச் சொல்லி அளவோடு விதி எழுதிக் கொடுத்தார். முக்கியமாகப் பெண்கள் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது தவறு நடந்துவிடக்கூடாது என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. பெண்களுக்காக வைத்த தடுப்பே இந்தக் கதையில் ஒரு பெண்ணுக்கு மறைவாகிறது.

இன்னொன்றும் உண்டு. சாமியாரின் தங்கை குரல் எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் யாருக்காவது தெரியுமா? காலங்காலமாக அவளிடம் யாரும் நின்று பேசியதே இல்லை.

ஊரே கிறிஸ்தவங்க. அப்புறம் ஏன் கடவுளை ‘அல்லா’ன்னு சொல்றாங்க?

மால்டீஸ் மொழியில் கடவுளுக்கு அதுதான் சொல். சிசிலியில் ஒரு காலத்தில் பேசிய அரபியிலிருந்து வளர்ந்த மொழி அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில் அரபியும் எபிரேயமும் உள்ள மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது இது ஒன்றுதான். எழுதுவது மட்டும் லத்தீன் எழுத்தில். தவக்காலத்துக்கு ‘ரன்டான்’ என்று பெயர், ரமலான் என்ற சொல்லோடு உறவு. சாமியாருக்கு ‘அஸ்ஸீஸ்’, கோயிலுக்கு ‘க்னிஸ்யா’. நன்றி சொல்ல மட்டும் இத்தாலிய வாடையோடு ‘க்ராட்ஸி’.

பைபிளின் அப்போஸ்தலர் பணி நூலில், புனித பவுல் போன கப்பல் சேதமாவது நினைவிருக்கும். கி.பி. 60 வாக்கில் பவுல் கரையேறியது தங்கள் தீவில்தான் என்பது மால்டாக்காரர்களின் நம்பிக்கை. பிப்ரவரி 10 அதற்கான திருவிழா, அரசு விடுமுறை.

மால்டா கோயில்கள்ல ரெண்டு கடிகாரம் இருக்குமாம், ஒண்ணு தப்பா ஓடுமாம். நிஜமா?

நிஜம். முகப்பில் இரண்டு கோபுரம், இரண்டிலும் கடிகாரம், நேரம் ஒத்துப்போகாது. பூசை எத்தனை மணிக்கு என்று சாத்தானுக்குத் தெரிந்துவிடக்கூடாது, அதனால் ஒன்றைத் தப்பாக வைத்தோம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பல கோயில்களில் ஒரு கடிகாரம் வெறும் ஓவியம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இரண்டு கடிகாரம் வாங்கக் காசில்லை, வரைந்துவிட்டார்கள் என்பது நடைமுறைக் காரணம். சிலவற்றில் தேதியையும் மாதத்தையும் காட்டும் வட்டு இருக்கும்.

கதை ஏன் 1980கள்ல நடக்குது? இப்ப நடந்தா என்ன?

இப்போது நடந்தால் கார்மெனிடம் கைபேசி இருக்கும், ஒரு வேலைக்கும் போயிருப்பாள். ஆனால் காரணம் அதைவிட ஆழமானது. மால்டா 1964இல் சுதந்திரம் பெற்று, 1974இல் குடியரசாகி, 1979 மார்ச் 31இல் கடைசி பிரிட்டிஷ் படையை அனுப்பி வைத்த நாடு. நாட்டின் மேல் அதிகாரம் யாருக்கு என்ற இழுபறியில் திருச்சபையும் ஒரு பெரிய கட்சி மாதிரி நின்றது.

1961இல் தொழிற்கட்சித் தலைமைக்குப் பேராயர் திருவருட்சாதனத் தடை விதித்தார், அதாவது பாவசங்கீர்த்தனம் போன்ற திருச்சபையின் புனிதச் சடங்குகளை அவர்கள் பெற முடியாது. 1969 வரை அது நீடித்தது. அந்தக் கட்சித் தலைவர்களுக்குக் கல்யாணம் பீடத்தின் முன் நடக்காது, பூசை உடுப்பு மாற்றும் அறையில் நடக்கும். செத்தால் புனிதப்படுத்தாத மண்ணில் புதைப்பார்கள். அந்த இடத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘மிஸ்ப்லா’, குப்பைமேடு. கட்சியின் துணைத்தலைவராக இருந்த ஒரு நாவலாசிரியரையே அங்கேதான் புதைத்தார்கள். 1984இல் கத்தோலிக்கப் பள்ளிக் கட்டணத்தை வைத்து அரசும் திருச்சபையும் மறுபடி மோதிக்கொண்டன. குப்பைமேட்டு ஞாபகம் ஆறாத ஊரில்தான் கார்மென் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். மன்னிப்பு என்ற சொல்லுக்கு அங்கே எவ்வளவு கனம் என்று இதை வைத்து எடைபோட்டுக்கொள்ளலாம்.

ஒத்துவராத புருஷன் பொண்டாட்டி அந்தக் காலத்து மால்டாவுல என்ன பண்ணுவாங்க?

சேர்ந்தே இருப்பார்கள். அல்லது பிரிந்து வாழ்வார்கள், மறுமணம் முடியாது. திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாதது என்று நிரூபித்து ரத்து வாங்கலாம், அது வருடக்கணக்கில் இழுக்கும். 1975இல்தான் பதிவுத் திருமணமே சட்டமானது. வெளிநாட்டில் முறைப்படி வாங்கிய விவாகரத்தும் அப்போதிலிருந்து செல்லும். ஆக, வெளிநாட்டுத் தொடர்பும் வசதியும் இருந்தவருக்கு ஒரு வழி, கிராமத்துக்காரருக்கு அதுவும் இல்லை.

உள்நாட்டு விவாகரத்து வந்தது 2011இல். அந்த ஆண்டு மே 28இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 53 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், அக்டோபரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடும்பத்தில் கணவனும் மனைவியும் சமம் என்று குடும்பச் சட்டம் திருத்தப்பட்டதே 1993 கடைசியில்தான். முன்காலத்தில் ‘ஹுட்டாப்’ என்ற கல்யாணத் தரகர் வீடு வீடாக வருவார். வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் அடையாளமாகப் பூந்தொட்டியை வெளியே வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. கல்யாணத்துக்குள் போக இத்தனை பேர் கைகொடுத்தார்கள். உள்ளே போய்த் தவிக்கிறவர்கள் வாய்விட்டுப் பேச இருந்த இடம் அந்தச் சல்லடை மட்டும்தான்.

அவ கொடுத்த பாவமன்னிப்பு செல்லுமா?

செல்லாது. திருச்சபைச் சட்டத்தின் 965ஆம் விதிப்படி குருவால் மட்டுமே இந்த அருட்சாதனத்தை நிறைவேற்ற முடியும். தெரியாமல் நடந்த குறைகளைத் திருச்சபை தானே ஈடுகட்டும் என்ற 144ஆம் விதியைச் சிலர் நினைவுபடுத்துவார்கள். அது அதிகாரக் குறையை ஈடுகட்டும், குருத்துவத்தையே கொடுக்காது.

நம்பி வந்தவர்களின் கதி என்ன என்று என் அத்தை ஒருமுறை கவலையோடு கேட்டார். நல்ல கேள்வி. கடவுள் மேல் உள்ள அன்பினால் வரும் உத்தம மனஸ்தாபம் (பாவத்துக்காக மனம் வருந்துவது), சீக்கிரம் பாவசங்கீர்த்தனம் செய்யும் எண்ணத்தோடு இருந்தால், சாவான பாவம் என்னும் கனமான பாவத்தையும் போக்கும் என்று சிறு வயதிலேயே மனப்பாடம் பண்ணியிருக்கிறோம். ஏமாந்துபோனதால் ஒருவருடைய மனஸ்தாபம் பொய்யாகிவிடாது.

அவளுக்கு என்ன தண்டனை?

1983 தொகுப்பில் 1378ஆம் விதி. குருவாக இல்லாதவர் மன்னிப்பு கொடுக்க முயன்றாலோ, பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டாலோ போதும், திருவருட்சாதனத் தடை தானாகவே விழும். 1980களைப் பற்றிய பதிலில் தொழிற்கட்சிக்காரர்கள் பட்டதாகச் சொன்ன அதே வகைத் தண்டனை. 2021 திருத்தத்தில் எண் 1379 ஆனது, சாரம் அதேதான். ஆனால் தண்டனை இருக்கிறது என்றே தன் குற்றமில்லாமல் அறியாதவருக்கு இப்படித் தானாக விழும் தண்டனை விழாது என்று 1324ஆம் விதி சொல்கிறது. ஆயுள் முழுக்கக் கோயிலில் கிடந்த கார்மெனுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? எனக்கு இன்னும் முடிவு கட்ட முடியவில்லை. பூசை உடுப்புக்கு இஸ்திரி போடச் சொன்னார்கள், சட்டப் புத்தகத்தை யார் கையில் கொடுத்தார்கள்?

ஊர்ல உள்ள அத்தனை குடும்ப ரகசியமும் தெரிஞ்சுபோச்சே. அவ அதை வெளிய சொன்னா தப்பா?

தப்பு. கேட்டதைக் குரு வெளியே சொல்லக்கூடாது என்ற ரகசியக் காப்பு முத்திரை எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாதது 983ஆம் விதியின் இரண்டாம் பகுதி. மொழிபெயர்ப்பாளரும், வேறு எந்த வழியிலாவது பாவசங்கீர்த்தனத்திலிருந்து விஷயம் அறிந்த எவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். மன்னிப்பு செல்லாவிட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது.

கதையின் பின்னலே இங்கேதான். இந்த வீட்டு மனைவி சொல்வதும் அடுத்த வீட்டுக்காரர் சொல்வதும் ஒரே காதில் வந்து சேர்கின்றன. யாருக்கும் தெரியாத முடிச்சுகள் அவளுக்கு மட்டும் தெரிகின்றன. வெளியே சொல்லாமல், அவரவருக்கு அவரவர் வழியைச் சொல்ல வேண்டும். நல்ல பங்குச்சாமியார் செய்வதும் இதைத்தான்.

அப்ப இது மதத்தைக் கேலி பண்ற படமா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெபம், மெழுகுவர்த்தி, மணி இவற்றின் மேல் கேமராவுக்கு மரியாதை இருக்கிறது. வருத்தம் நிர்வாகத்தின் மேல்தான், ஐந்தாவது கேள்வியில் சொன்ன அந்தச் சாவி கைமாறும் முறை மேல். பக்தியுள்ள பெரியவர்கள் சிலர் முதலில் முகம் சுளித்தார்கள். படம் முடிந்தபோது அவர்களேதான் தங்களுக்குத் தெரிந்த பழைய பங்களாவில் சமைத்துப்போட்ட பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

மால்டாவுல வேற படம் ஏதாவது இருக்கா?

வெளிநாட்டுக்காரர்கள் வந்து எடுப்பதற்குப் பேர்போன இடம் அது. 1960களிலேயே கடற்காட்சிக்கென்று பெரிய நீர்த்தொட்டி கட்டினார்கள். ‘கிளாடியேட்டர்’ படத்தின் ரோம் பாதி அங்கேயுள்ள ரிக்காசோலி கோட்டைதான். உள்ளூர்க் கதைகள் குறைவு. 2014இல் வந்த ‘சிம்ஷார்’, 2021இல் வந்த ‘லுட்சு’ இரண்டையும் தேடிப் பாருங்கள். ‘லுட்சு’வில் நடித்த நிஜ மீனவருக்கு சன்டான்ஸ் விழாவில் நடிப்புக்கான சிறப்பு விருது கிடைத்தது.

கோயில் சாமானை எடுத்துக்கிட்டுப் போய் விக்கிறாளே. என்னதான் சொன்னாலும் அது திருட்டுதானே?

திருட்டுதான். சட்டமும் அப்படித்தான் சொல்லும், வழிபாட்டுக்கு அர்ச்சித்த பொருளை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 1171ஆம் விதியும் சொல்லும். இந்த இடத்தில் அவளை நியாயப்படுத்த நான் முயலமாட்டேன்.

இதைக் கேட்ட பெரியவர் ஒருவருக்கு நான் சொன்ன பதில், ஊதிய உரிமை பற்றிய அந்த 231ஆம் விதி. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பளப் பாக்கி இருந்தால் கேட்டு வாங்க வேண்டும், எடுக்கக்கூடாது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அதுவரை ஒன்றும் பேசவில்லை. “அந்தப் பாத்திரத்தை எல்லாம் இத்தனை வருஷமா புளி போட்டுத் துலக்கினது அவதானங்க” என்றார்.